‘குற்றவியல் படித்தால் பொலிஸிலதானே சேரணும்?’

உயர்தரப் பெறுபேறுகள் வெளியாகி, பல்கலைக்கழக விண்ணப்பங்கள் கோரப்படும் நாட்களில் எனக்குச் சில தொலைபேசி அழைப்புகள் வருவது வழமை. பெரும்பாலும் தாய்மார்தான் அழைப்பார்கள். இம்முறை அழைத்தவர் என்னோடு பல்கலைக்கழக விடுதியில் இருந்த தோழியொருத்தியின் மாமி. “மகளுக்குக் கலைப் பிரிவில நல்ல ரிசல்ட். குற்றவியல்தான் படிப்பேன் என்டு ஒத்தக் காலில நிக்கிறா. அதப் படிச்சாப் பொலிஸிலதானே சேரணும்? பொம்புளப் புள்ளைக்குச் சரிவருமா?” என்று கேட்டார்.

நான் இதே பாடத்தைத் தெரிவு செய்தபோது என் வாப்பாவும் ஏறக்குறைய இதைத்தான் கேட்டார். “ஊரில ஆசிரியர் வேலைக்குப் போற பாடம் எத்தனையோ இருக்கு, கள்ளன்மாரைப் பத்திப் படிக்கப் போறியா?” என்றார். அன்று எனக்குச் சரியான பதில் தெரியவில்லை. இன்று ஓரளவு தெரியும். அதனால்தான் தொலைபேசியில் சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதுகிறேன்.

முதலில், குற்றவியல் எது அல்ல என்பதைச் சொல்லிவிடுகிறேன். தொலைக்காட்சித் தொடர்களில் வெள்ளை அங்கி அணிந்து இரத்தக் கறையைப் பரிசோதிப்பவர்களின் படிப்பு இதுவல்ல. எமது நாட்டில் அந்த வேலையை இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களமும் சட்ட வைத்திய அதிகாரிகளும் செய்கிறார்கள். அதற்கு விஞ்ஞானமோ வைத்தியமோ படித்திருக்க வேண்டும். இது சட்டப் படிப்பும் அல்ல. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையையும் 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தையும் நாம் தொட்டுச் செல்வோம். ஆனால் எந்தப் பிரிவில் என்ன தண்டனை என்று மனனம் செய்வது எமது வேலை அல்ல. அந்தச் செயலைச் சமூகம் ஏன் குற்றம் என்று சொல்கிறது, ஒருவர் ஏன் அதைச் செய்கிறார், இன்னொருவர் அதே நிலையில் இருந்தும் ஏன் செய்யவில்லை, பிடிபட்ட பின் அவருக்கு நாம் செய்வது அவரைத் திருத்துகிறதா அல்லது இன்னும் கெடுக்கிறதா என்பவைதான் எமது கேள்விகள்.

இலங்கையில் இதைத் தனித் துறையாகக் கற்பதென்றால் ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தின் மனிதப் பண்பியல், சமூக விஞ்ஞான பீடத்தைத்தான் சொல்ல வேண்டும். அனுமதி முறைகள் மாறக்கூடியவை என்பதால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை அந்தந்த வருடம் பார்த்துக்கொள்வது நல்லது. தமிழ் மொழி மூலம் அங்கே இல்லை. தமிழில்தான் படிக்க வேண்டும் என்பவர்கள் யாழ்ப்பாணம், கிழக்கு, தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களில் சமூகவியல் படிக்கலாம். சமூகவியலுக்குள் குற்றமும் பிறழ்வும் ஒரு பகுதியாக வருவது வழக்கம். அங்கிருந்து முதுமாணிக்குக் குற்றவியல் பக்கம் திரும்பியவர்களை எனக்குத் தெரியும்.

இனி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

எந்த நாட்டில் படித்தாலும் ஆரம்பத்தில் இரண்டு இத்தாலியர்களைச் சந்திக்காமல் தப்ப முடியாது. 1764இல் குற்றங்களையும் தண்டனைகளையும் பற்றி ஒரு சிறு நூல் எழுதிய சிசாரே பெக்காரியா ஒருவர். தண்டனையின் கொடூரமல்ல, அது நிச்சயமாகவும் விரைவாகவும் கிடைக்கும் என்ற எண்ணமே குற்றத்தைத் தடுக்கும் என்றார் அவர். மற்றவர் சிசாரே லொம்புரோசோ என்ற வைத்தியர். குற்றவாளி பிறக்கும்போதே குற்றவாளியாகப் பிறக்கிறான், அவனது தாடையிலும் நெற்றியிலும் காதிலும் அதைக் காணலாம் என்று 1876இல் எழுதினார். 1913இல் சார்ள்ஸ் கோரிங் என்ற ஆங்கிலேயச் சிறை வைத்தியர் ஏறத்தாழ மூவாயிரம் கைதிகளை அளந்து, சாதாரண மனிதர்களோடு ஒப்பிட்டு, அப்படி ஒரு உடல் வகையே இல்லை என்று காட்டினார்.

விரிவுரையில் லொம்புரோசோவின் படங்களைக் காட்டும்போது வகுப்பே சிரிக்கும். நானும் சிரித்தேன். 2019 ஏப்ரலுக்குப் பிறகு பஸ்ஸில் என் அபாயாவைப் பார்த்துவிட்டு ஒரு பெண் தன் கைப்பையை மடியிலிருந்து மார்புக்கு இழுத்துக்கொண்டு வேறு ஆசனம் தேடிப் போனபோது எனக்கு அந்தத் தாடையும் காதும்தான் ஞாபகம் வந்தன. கோட்பாடு செத்து நூறு வருடமாகியும் அதன் பழக்கம் சாகவில்லை.

இரண்டாவதாக என் கண்ணைத் திறந்தது சிக்காகோ ஆய்வு. கிளிபர்ட் ஷோ, ஹென்றி மக்கே என்ற இருவர் அந்நகரின் சிறுவர் நீதிமன்றப் பதிவுகளைப் பல தசாப்தங்களுக்கு எடுத்து, ஒவ்வொரு சிறுவனின் வீட்டையும் வரைபடத்தில் குறித்தார்கள். 1942இல் அது நூலாக வந்தது. நகரின் சில பகுதிகளில் குற்ற வீதம் எப்போதும் உயர்வாகவே இருந்தது. அங்கே குடியிருந்தவர்களோ மாறிக்கொண்டே இருந்தார்கள். ஜேர்மானியரும் ஐரிஷ்காரரும் இருந்த இடத்துக்கு இத்தாலியரும் போலந்துக்காரரும் வந்தார்கள், பிறகு கறுப்பின மக்கள் வந்தார்கள். ஆட்கள் மாறியும் வீதம் மாறவில்லை. அந்த இடத்தை விட்டு வெளியேறிய இனத்தவரின் பிள்ளைகளிடத்தில் குற்றம் குறைந்தது. அப்படியானால் கோளாறு இனத்தில் இல்லை. இடிந்த வீடுகளிலும், நிலையில்லாத குடியிருப்பிலும், பிள்ளையைக் கண்டிக்க அயலவர் இல்லாத தெருவிலும் இருக்கிறது. “அந்த ஊர்ப் பொடியன்களே அப்படித்தான்” என்று நாம் எவ்வளவு இலகுவாகச் சொல்கிறோம்! அதே வாக்கியத்தை மற்றவர்கள் எம்மைப் பார்த்துச் சொல்லும்போது மட்டும்தான் எமக்கு வலிக்கிறது.

அமெரிக்கர் எட்வின் சதர்லண்டை எமது வர்த்தகர்கள் அறிந்திருப்பது நல்லது. குற்றம் என்பது கற்றுக்கொள்ளப்படுவது, அதுவும் நெருங்கிய வட்டத்தில் என்றார் அவர். 1939இல் அமெரிக்க சமூகவியல் சங்கத்தின் தலைமையுரையில், கழுத்துப்பட்டி அணிந்தவர்கள் அலுவலகத்திலிருந்து செய்யும் குற்றங்களுக்கு ‘வெள்ளைக் கழுத்துப்பட்டிக் குற்றம்’ என்று பெயரும் வைத்தார். 1949இல் அதை நூலாக்கியபோது, வழக்கு வரும் என்று பதிப்பாளர் அஞ்சியதால் கம்பனிகளின் பெயர்களை நீக்க வேண்டியிருந்தது. பெயர்களுடன் கூடிய முழு நூல் 1983இல்தான் வெளிவந்தது, அவர் இறந்து முப்பது வருடங்களுக்கும் மேலான பிறகு. ஹலாலான முதலீடு, மாதாந்தம் இலாபப் பங்கு என்று நம்பிக் காசைக் கொடுத்து இழந்த குடும்பங்கள் எமது எத்தனை ஊர்களில் இருக்கின்றன? ஒரு கோழி திருடியவனை மரத்தில் கட்டி வைத்த அதே ஊரில், கோடிக்கணக்கில் ஏமாற்றியவருக்குக் கலியாண வீட்டில் முன் வரிசை ஆசனம். இதைச் சொன்னால் கோபிக்கிறார்கள்.

பிரித்தானியாவில் ஸ்டான்லி கோஹன் 1972இல் எழுதிய ஒரு நூல் ‘ஒழுக்கப் பீதி’ என்ற கருத்தைப் பிரபலமாக்கியது. கடற்கரை நகரங்களில் இளைஞர் குழுக்களுக்கு இடையில் நடந்த சிறு கைகலப்புகளைப் பத்திரிகைகள் எப்படி நாட்டுக்கே வந்த ஆபத்தாக ஊதிப் பெருப்பித்தன என்பதுதான் அதன் கதை. அந்தப் பாடத்துக்கு நான் எடுத்த உதாரணம் எமது நாட்டினுடையது. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தின் உணவில் கருத்தடை மாத்திரை கலக்கப்பட்டதாகக் கதை பரவி, கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது மாவுக்கட்டி என்று பின்னர் இரசாயனப் பகுப்பாய்வாளர் அறிக்கை சொன்னது. அறிக்கை வருவதற்கு முன்பே திகன பற்றி எரிந்துவிட்டது. இப்படியான ஒரு கதை எந்த வரிசையில் வளர்கிறது, யார் அதை முதலில் ‘பிரச்சினை’ என்று பெயரிடுகிறார், எந்தக் கட்டத்தில் அதிகாரிகள் பேசினால் அது அடங்கும் என்பதைப் படித்தவர்கள் எம்மிடையே எத்தனை பேர்? அறிக்கை விடுவதற்கு எம்மிடம் ஆட்களுக்குக் குறைவில்லை.

எண்களை வாசிக்கக் கற்றதையும் சொல்ல வேண்டும். ஒரு பொலிஸ் நிலையத்தில் பெண்கள், சிறுவர் முறைப்பாட்டுப் பிரிவுக்குத் தமிழ் பேசும் பெண் உத்தியோகத்தர் ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் அங்கே வீட்டு வன்முறை முறைப்பாடுகள் இரட்டிப்பாகின்றன. வன்முறை இரட்டிப்பாகிவிட்டதா? இல்லை, வாய் திறக்க ஒரு இடம் கிடைத்திருக்கிறது. பொலிஸ் புள்ளிவிபரம் பதிவான குற்றத்தைத்தான் சொல்லும். பதிவாகாமல் இருட்டில் கிடப்பதை அறிய வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டும். அந்தக் கேள்விகளைக் கேட்பது எப்படி என்பதற்கே ஒரு பாடம் உண்டு. மிகச் சலிப்பான பாடம், ஆனால் எனக்குப் பிறகு சோறு போட்டது அதுதான்.

வகுப்பில் மரண தண்டனை பற்றி விவாதம் நடந்தபோது நான் ஆதரவுப் பக்கம் நின்றேன். இலங்கையில் கடைசியாகத் தூக்கு நிறைவேற்றப்பட்டது 1976இல். மீண்டும் தொடங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று பேசினேன். மார்க்கத்தையும் துணைக்கு அழைத்தேன். என்னோடு படித்த இன்னொரு முஸ்லிம் மாணவர் மெதுவாக எழுந்து, சந்தேகம் இருந்தால் ஹத்துத் தண்டனையைத் தவிர்க்க வேண்டும் என்ற பிக்ஹு விதியையும், பஞ்சம் நிலவிய வருடத்தில் கலீபா உமர் (ரழி) அவர்கள் திருட்டுக்கான தண்டனையை நிறுத்தி வைத்ததாக அறிவிக்கப்படுவதையும் சொன்னார். தண்டனையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்கு முன் வைக்கப்பட்ட நிபந்தனைகளை விட்டுவிட்டுப் பேசியிருக்கிறேன் என்று அன்று எனக்கு விளங்கியது. முழுமையாக மனம் மாறினேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவ்வளவு சத்தமாகப் பேசுவதை நிறுத்தினேன்.

பிறகு சிறைச்சாலை. ஆய்வுக்காக நாங்கள் போனது எந்தச் சிறை என்று எழுதவில்லை. வெலிக்கடைச் சிறைச்சாலை கட்டப்பட்டது 1841இல் என்பதையும், எமது சிறைகளில் கொள்ளளவைப் போல இரண்டு மடங்குக்கும் மேற்பட்டோர் அடைக்கப்பட்டிருக்கிறார்கள் என்பதையும் போகும் முன்பே படித்திருந்தேன். தண்டனை பெற்றவர்களை விட விளக்கமறியலில் இருப்பவர்களே அதிகம். தண்டனை பெற்று உள்ளே வருபவர்களிலும் பெரும் பங்கினர் தண்டப்பணம் கட்ட வழியில்லாமல் வருபவர்கள். படித்ததும் பார்த்ததும் ஒன்றல்ல. ஒருவர் புரண்டால் மற்றவர் விழிக்க வேண்டிய நெருக்கத்தில் இரவு தூங்குகிறார்கள்.

எங்களுடைய வினாக்கொத்து சிங்களத்தில் இருந்தது. எங்கள் குழுவில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். வாப்பாவின் வயதை ஒத்த ஒருவர் என் முக்காட்டைப் பார்த்ததும் பக்கத்தில் வந்து, சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளொன்றை எடுத்துத் தந்து, “மகள், இதுல என்ன போட்டிருக்கு?” என்று கேட்டார். சிங்களத்தில் எழுதப்பட்ட நீதிமன்றக் கடிதம். அவரது வழக்கின் அடுத்த தவணைத் திகதி அதில் இருந்தது. அவர் அதைப் பல வாரங்களாகச் சட்டைப் பையில் வைத்திருந்தார். வாசித்துச் சொன்னேன். என் ஆய்வறிக்கையில் எழுதக்கூடிய விடயமாக அது எனக்கு அப்போது தோன்றவில்லை. இப்போது நினைத்தால் அந்த அறிக்கையில் எழுதியிருக்க வேண்டியது அது ஒன்றுதான்.

இனி எங்கள் வீட்டுக் கதை. என் சாச்சியின் மகன் பத்தொன்பது வயதில் ஐஸ் போதைப்பொருளுடன் பிடிபட்டான். 2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின்படி ஐந்து கிராமுக்கு மேல் என்றால் ஆயுள் தண்டனை, மரண தண்டனை வரை போகும். அவனிடம் இருந்தது அதில் ஒரு சிறு பங்கு. சில வாரங்கள் விளக்கமறியலில் இருந்துவிட்டு வந்தான். வந்த பிறகுதான் தண்டனை தொடங்கியது. பெயர் சொல்லாமல், ஆனால் எல்லோருக்கும் விளங்கும்படி ஜும்ஆவில் பேசப்பட்டது. விளையாட்டுக் கழகம் பெயரை வெட்டியது. வேலைக்கு வைத்திருந்த கடைக்காரர் வர வேண்டாம் என்றார். கலியாண வீட்டில் சஹனுக்கு ஆறு பேர் அமரும்போது அவனை யாரும் கூப்பிடவில்லை. அவன் சமையல் பக்கம் போய் நின்றான். அவனை அணைத்துக்கொள்ள ஊரில் ஒரே ஒரு கூட்டம்தான் மிச்சமிருந்தது. அந்தக் கூட்டம் எதுவென்று சொல்லத் தேவையில்லை.

ஹவார்ட் பெக்கர் 1963இல் எழுதியதும், ஜோன் பிரைத்வைட் 1989இல் எழுதியதும் இதைத்தான். ஒருவன் மீது ஒரு முத்திரையைக் குத்திவிட்டால் அவனுக்கு முன்னால் உள்ள கதவுகள் ஒவ்வொன்றாக மூடும், கடைசியில் முத்திரை சொன்ன ஆளாகவே அவன் ஆகிவிடுவான் என்றார் பெக்கர். வெட்கப்படுத்துவது பிழையல்ல, வெட்கப்படுத்திய பின் மீண்டும் உள்ளே எடுக்கிறோமா வெளியே தள்ளுகிறோமா என்பதுதான் முக்கியம் என்றார் பிரைத்வைட். இரண்டையும் நான் பரீட்சையில் எழுதி நல்ல புள்ளி எடுத்திருந்தேன். ஆனால் அவன் பிணையில் வந்த வாரம், “உன்ட பிள்ளைகளை அவனோட விளையாட விடாதே” என்று என் தங்கைக்குச் சொன்னவள் நான்தான். அவன் இரண்டாம் முறை பிடிபட்ட பிறகுதான் அது எனக்கு உறைத்தது. இப்போது ஒரு டைல் பதிக்கும் மேசனுடன் வேலைக்குப் போகிறான். அவனைச் சேர்த்துக்கொண்ட அந்த மேசன் ஒரு கோட்பாடும் படித்தவரல்லர்.

தொழில் பற்றி அந்தத் தாய் கேட்டதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். ‘குற்றவியலாளர் தேவை’ என்ற விளம்பரத்தை எதிர்பார்த்து வர வேண்டாம். எங்கள் வகுப்பில் படித்தவர்களில் பலர் அபிவிருத்தி உத்தியோகத்தர்களாகத்தான் இருக்கிறார்கள், படித்ததற்கும் செய்வதற்கும் தொடர்பில்லாமல். ஆனால் கதவுகள் இல்லாமலில்லை. நன்னடத்தை உத்தியோகத்தர், சிறைச்சாலைப் புனர்வாழ்வு உத்தியோகத்தர், தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை என்று போட்டிப் பரீட்சை எழுதிப் போகலாம். சிறைக்குப் பதிலாகச் சமுதாய வேலைக்கு உத்தரவிட நீதிமன்றத்துக்கு இடமளிக்கும் 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் சமுதாயஞ்சார் சீர்திருத்தத் திணைக்களம் இயங்குகிறது. இந்த இடங்களில் தமிழில் ஒரு தாயோடு உட்கார்ந்து பேசக்கூடிய உத்தியோகத்தர் கிடைப்பது, நான் வேலை செய்யும் பகுதியில் இன்னும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்த விடயமாகத்தான் இருக்கிறது. எமது பெண்கள் குறிப்பாகத் தேவைப்படுவது அங்கேதான். வங்கிகளும் நிதி நிறுவனங்களும் 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நிதியியல் கொடுக்கல் வாங்கல்களை அறிக்கையிடல் சட்டத்துக்கு அமையச் சந்தேகமான பணப் பரிமாற்றங்களைக் கவனிக்க ஆட்களை வைத்திருக்க வேண்டியிருக்கிறது. என் தோழி ஒருத்தி அங்கே என்னை விட நல்ல சம்பளம் எடுக்கிறாள். நான் தொண்டு நிறுவனம் ஒன்றில் கைதிகளின் குடும்பங்களோடு வேலை செய்கிறேன். சம்பளம் நிதி வரும் வரை. பொலிஸிலும் சேரலாம்தான், அதுவும் குறைவான வேலையல்ல.

மொழியைப் பற்றி மாமியிடம் எச்சரித்தேன். கிழக்கிலிருந்து போன எனக்கு முதல் வருடம் முழுக்க விரிவுரைக் குறிப்புகளை இரவில் விடுதித் தோழிகளிடம் கேட்டு எழுதவே போனது. சிங்களத்தில் கேட்டால் விளங்கும், பேசுவேன், எழுத வராது. அவரது மகள் சிங்களப் பகுதியில் வளர்ந்தவள் என்பதால் அவ்வளவு கஷ்டமிருக்காது, ஆனாலும் எழுதப் பழக வேண்டும்.

கடைசியில் மகளே தொலைபேசியை வாங்கினாள். “ராத்தா, தொடங்க முதல் எந்தப் புத்தகத்த வாசிக்கிறது?” என்று கேட்டாள். புத்தகம் இப்போதைக்கு வேண்டாம், ஒரு நாள் வாப்பாவைக் கூட்டிக்கொண்டு பக்கத்து நீதிவான் நீதிமன்றத்தின் பின் வாங்கில் காலை முழுவதும் உட்கார்ந்து பார் என்றேன். திறந்த நீதிமன்றம், யாரும் போகலாம். எத்தனை பேரைக் கூப்பிடுகிறார்கள், எத்தனை பேருக்குச் சட்டத்தரணி இருக்கிறார், எத்தனை பேருக்குத் தமக்கு என்ன நடந்தது என்று விளங்கியது, இந்த மூன்றை மட்டும் ஒரு கொப்பியில் கோடு போட்டு எண்ணிப் பார்.

அடுத்த வாரம் அழைத்தாள். முதல் இரண்டும் எண்ணக் கூடியதாக இருந்ததாம். மூன்றாவதைத் தொடங்கிவிட்டு நிறுத்திவிட்டாளாம். தமிழ் மட்டும் தெரிந்த ஒருவர் கூண்டில் நின்றார், சிங்களத்தில் என்னவோ சொன்னார்கள், அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், வெளியே வந்து மனைவியிடம் “என்ன சொன்னாங்க?” என்று கேட்டார்.

“ராத்தா, அந்த ஆள விளங்கினவங்களோட சேர்க்கிறதா, விளங்காதவங்களோட சேர்க்கிறதா?” என்று கேட்டாள்.

அவருக்கு ஒரு தனிக் கோடு போடச் சொன்னேன்.